எரித்த அட்டையும் ஏங்கிய அட்டையும்

ஓட்டுநர் உரிமம் என்பது ஒருவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதற்கான சான்று. குடும்ப அட்டை அரிசி வாங்குவதற்கானது. கல்லூரி அட்டை வாயிற்காவலரைக் கடப்பதற்கானது. ஆனால் எந்த அட்டையும் தான் எதற்காகப் பிறந்ததோ அதற்காக மட்டும் வாழ்ந்ததாக வரலாறு இல்லை. வங்கியில், விடுதியில், மருத்துவமனையில், சாலைச் சோதனையில் அது 'நீ யார்?' என்ற கேள்விக்கு விடையாகிறது. அதற்கு அடுத்த கேள்வி ஒன்றும் உண்டு. 'நீ எந்த நாட்டவன்?' இவ்விரண்டாம் கேள்விக்கான விடையையும் அதே அட்டையிலேயே அச்சிட்டுவிட்டால் என்ன?

இது புதிய யோசனை அன்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 2023 முதல் குடிமக்கள் அல்லாதோரின் ஓட்டுநர் உரிமத்திலும் அடையாள அட்டையிலும் அவ்வாறே குறிக்கப்படுகிறது. வாஷிங்டன், நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் அதற்கு முன்பே, எல்லை கடக்கப் பயன்படும் சிறப்பு உரிமங்களைக் குடிமக்களுக்கு மட்டும் என்று வழங்கி வந்துள்ளன. இந்தியாவில் ஓட்டுநர் உரிமத்தில் அப்படியொரு வரி இல்லை. ஆதார் அட்டையோ தான் குடியுரிமைச் சான்று அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறது. ஆயினும் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே குடியுரிமைச் சட்டத்தில் நுழைந்த 14-ஏ பிரிவு, ஒவ்வொரு குடிமகனையும் பதிவு செய்து தேசிய அடையாள அட்டை வழங்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்து இன்றும் நிற்கிறது.

இந்தக் கேள்வியை நாம் பிறரிடமிருந்து கற்க வேண்டியதில்லை. உலகில் குடியுரிமை அட்டைகளால் இத்தனை வகையாக அலைக்கழிக்கப்பட்ட இனங்கள் தமிழினத்தைப் போல் அதிகம் இரா. அட்டையை எரித்துச் சிறை சென்ற தமிழரும் உண்டு. அதே அட்டைக்காக அரை நூற்றாண்டு ஏங்கி நின்ற தமிழரும் உண்டு. இரண்டும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கல்லில் எழுதிய தகுதி

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையை நாம் அறிவது அவற்றால்தான். பள்ளிப் பாடநூல்கள் இவற்றை மக்களாட்சியின் தொட்டில் என்று கொண்டாடுகின்றன. கொண்டாடத் தக்கவையே. ஆனால் கல்வெட்டின் பெரும்பகுதி யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட, யாருடைய பெயர் குடத்தில் விழக் கூடாது என்பதையே பேசுகிறது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை.

கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் ஆகாது. அவன் மட்டுமல்ல: அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மாமனார், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள் எனப் பட்டியல் நீள்கிறது. ஒருவரது தகுதி அவரிடம் இல்லை, அவர் உறவுமுறையில் இருக்கிறது.

இது ஒரு பிராமணச் சபையின் விதி. நாட்டுக் குடியுரிமை என்ற இக்காலக் கருத்தோடு இதை அப்படியே ஒப்பிடுவது பிழையாகும். ஒன்றை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 'உள்ளே யார், வெளியே யார்' என்று எழுத முற்படும் எந்த ஆவணமும் விரைவில் தனிமனிதரை விட்டு அவருடைய தந்தையையும் பாட்டனையும் தேடத் தொடங்கிவிடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இலங்கை நாடாளுமன்றம் செய்ததும் அதுவே.

ஜோகன்னஸ்பர்க், 1908

அதற்கு முன் தென்னாப்பிரிக்காவைப் பார்த்துவிட வேண்டும். டிரான்ஸ்வாலில் 1907இல் நிறைவேறிய ஆசியர் பதிவுச் சட்டம், அங்கு வாழ்ந்த இந்தியர் ஒவ்வொருவரும் விரல் ரேகைகளைப் பதித்துச் சான்றிதழ் பெற வேண்டும், காவலர் கேட்கும்போதெல்லாம் அதைக் காட்ட வேண்டும் என்றது. சான்றிதழ் இல்லாதவர் நாடு கடத்தப்படலாம். அக்காலத்தில் பத்து விரல் ரேகையும் கேட்கப்பட்டது குற்றவாளிகளிடம்தான். இந்தியர்கள் இதைக் கறுப்புச் சட்டம் என்றழைத்தனர்.

1908 ஜனவரியில் காந்தி சிறை சென்றார். இந்தியர்கள் தாமாகவே பதிந்துகொண்டால் சட்டம் விலக்கிக்கொள்ளப்படும் என்ற நம்பிக்கையில் சமரசம் ஏற்பட்டது. சட்டம் விலக்கப்படவில்லை. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் ஹமீதியா மசூதி வளாகத்தில் பெரியதோர் இரும்புக் கொப்பரை வைக்கப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் அதில் இடப்பட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டன.

இப்போராட்டத்தில் தமிழரின் பங்கு அவர்களது எண்ணிக்கைக்கு மிஞ்சியது. மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடு முதலில் சிறை புகுந்தவர்களுள் ஒருவர். பின்னும் பலமுறை புகுந்தவர். சாமி நாகப்பன் என்ற இளைஞர் 1909ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சிறை முகாமில் சாலை வேலை செய்விக்கப்பட்டு நோயுற்று, விடுதலையானதும் ஜூலை 6 அன்று இறந்தார். நாராயணசாமி என்பவரின் முடிவு இன்னும் கொடியது. இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்ட அவர் திரும்பி வந்தார். எந்தத் துறைமுகத்திலும் கரையிறங்க விடப்படாமல் கப்பலிலேயே அலைக்கழிக்கப்பட்டு 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார். பின்னர் 1913இல் எழுந்த இரண்டாம் கட்டப் போரில் அனுமதிச் சீட்டின்றி மாகாண எல்லையைக் கடந்து சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். 1914 பிப்ரவரி 22 அன்று அவர் இறந்தபோது வயது பதினாறு.

எரிக்கப்பட்ட தாளில் பொய்யேதும் இல்லை. அதிலிருந்த பெயர் உண்மை, ரேகை உண்மை, வாழிடம் உண்மை. எதிர்ப்பு உண்மைக்கன்று. அந்தத் தாளை ஓர் இனத்தாரிடம் மட்டும் கேட்பதற்கும், கேட்பவன் தெருமுனைக் காவலனாக இருப்பதற்கும்தான்.

தகரமும் துண்டும்

இனி இலங்கை. காப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலையகத்துக்குச் சென்ற தமிழரிடம் ஆதியிலிருந்தே ஏதேனும் ஓர் அட்டை இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லை தரப்பட்டது. அந்த வில்லை இருந்தால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். ஆள் சரக்கைப்போல் சேரவேண்டிய இடத்துக்குச் சேருவார். அடுத்து 'துண்டு' என்ற ஒன்று இருந்தது. இத்தனை ரூபாய்க் கடனைத் தீர்த்தால் இன்ன கங்காணியின் ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதித் தரும் சீட்டு. ஒரு தோட்டத்துக் கடனை அடுத்த தோட்டம் அடைத்து ஆட்களை வாங்கிக்கொள்ளும். கடன் பெருகியதே தவிர ஆட்கள் விடுபடவில்லை. 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆக, தாளும் தகரமும் அம்மக்களுக்குப் புதியவை அல்ல. ஆனால் அவை அனைத்தும் அவர்கள் யாருக்குச் சொந்தம் என்பதைச் சொன்னவை. எந்த நாடு அவர்களுக்குச் சொந்தம் என்பதைச் சொன்ன தாள் ஒன்றுகூட இல்லை.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. இந்தியத் தமிழருக்கு மட்டும் அது வாழிட நிபந்தனைகளோடு வந்தது. அப்படியிருந்தும் 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. வென்றவர்களுள் எஸ். தொண்டமானும், பிற்காலத்தில் மலையக இலக்கியத்தின் முன்னோடி என்று போற்றப்பட்ட சி.வி. வேலுப்பிள்ளையும் இருந்தனர். மலையகத் தொழிலாளரின் வாக்கு வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தது. அவர்களது வாக்குரிமை பறிபோனதற்கு இந்த முடிவுகளும் ஒரு காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பாட்டன் பிறந்த ஊர்

1948 பிப்ரவரி 4 அன்று இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், குடியுரிமையைப் பிறந்த மண்ணிலிருந்து பிரித்து வம்சத்தோடு கட்டியது. இலங்கையில் பிறந்த ஒருவர் குடிமகனாக, அவருடைய தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும்.

சட்டத்தில் இந்தியன் என்ற சொல்லோ தமிழன் என்ற சொல்லோ தேவைப்படவில்லை. கேட்கப்பட்ட சான்று எவரிடம் இருக்காது என்பது தெரிந்திருந்தால் போதும், பெயர் சொல்லாமலே ஒரு கூட்டத்தை வெளியேற்றிவிடலாம். சிங்களக் குடியானவரிடமும் பூட்டனின் பிறப்புச் சான்று இருந்திருக்காது; ஆனால் அவரிடம் அதை எவரும் கேட்கப்போவதில்லை. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்த தொழிலாளியிடம் கேட்பார்கள்.

இதைப் படிக்கும் நாம் நம்மைக் கேட்டுக்கொள்ளலாம். நம்மில் எத்தனை பேரிடம் பாட்டன் இன்ன ஊரில் பிறந்தார் என்பதற்குத் தாள் உண்டு? தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தந்தையின் பெயர் ஒரு தலைப்பெழுத்தாகச் சுருங்கி நிற்கும், பாட்டன் பெயர் அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். காஞ்சிபுரம் வட்டாரத்துத் தறிகளில் அமர்ந்தவர்களுள் தெலுங்கும் சௌராட்டிரமும் வீட்டுமொழியாகக் கொண்டவர் பலர். அவர்தம் முன்னோர் எந்த நூற்றாண்டில் எந்த வழியே வந்தனர் என்பது நினைவில் இருக்கும், ஆவணத்தில் இராது. வாலாஜாபாத் என்னும் ஊர்ப் பெயரே ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பட்டப்பெயரிலிருந்து வந்தது. அந்தப் பட்டம் தில்லியிலிருந்து வந்தது. ஊர்களே வந்தேறிய பெயர்களோடு வாழும்போது மனிதரிடம் மட்டும் பூட்டனின் ஊரைக் கேட்பது எப்படி நியாயமாகும்?

1949இல் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து பத்தாண்டுகள், மணமானவராயின் ஏழாண்டுகள், இலங்கையில் வாழ்ந்ததை நிறுவினால் பதிவு மூலம் குடியுரிமை பெறலாம் என்றது. விண்ணப்பிக்க இறுதி நாள் 1951 ஆகஸ்ட் 5. முதலில் புறக்கணிப்பு என்றிருந்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் பின்னர் நிலையை மாற்றிக்கொள்ள, கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றுள் அடங்கினர். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு வழக்கைப்போல் விசாரிக்கப்பட்டது. இந்தியாவுக்கு ஒருமுறை சென்றுவந்திருந்தால் வசிப்பு தொடர்ச்சியானதா என்று கேட்டனர். பதிவேட்டில் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தால் ஆளே வேறு என்றனர். பத்தாண்டுகளுக்கு மேல் நீண்ட அந்த விசாரணைகளின் முடிவில் குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

1949ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தம் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்றது. எனவே 1947இல் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர் 1952 வாக்காளர் பட்டியலில் இல்லை. இச்சட்டங்களின்பால் தமிழ்க் காங்கிரசுக்குள் எழுந்த பிளவே 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கக் காரணமாயிற்று. வேலுப்பிள்ளை தன் எழுத்தில் இம்மக்களுக்கு இட்ட பெயர் 'நாடற்றவர்'. அவரது நூலொன்றின் தலைப்பிலேயே அச்சொல் நிற்கிறது.

ஏழுக்கு நான்கு

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம். அவர்களை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். ஏழு பேர் அங்கே என்றால் நால்வர் இங்கே. சம்பந்தப்பட்ட மக்களிடமோ அவர்தம் தலைவர்களிடமோ ஒப்புதல் கேட்கப்படவில்லை.

பின்னர் விண்ணப்பம் கேட்டபோது விடை வேறாக வந்தது. இலங்கைக் குடியுரிமை கோரியவர் 6 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களோ அதில் பாதி. அவர்கள் பிறந்த மண்ணையே தேர்ந்தார்கள். கணக்கு அவர்களுக்கு வேறொரு நாட்டைத் தேர்ந்தது.

மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற இரயிலுக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். வகுப்பில் அயலகத் தமிழ் இலக்கியம் நடத்தும்போது இச்சொல்லுக்கு மாணவர்கள் எப்போதும் பொருள் கேட்பார்கள். ஒப்பாரி தெரியும், கோச்சி என்பது இரயில் என்றால் அதுவும் புரியும். உயிரோடிருப்பவர்களை வழியனுப்ப எதற்கு ஒப்பாரி என்பதுதான் அவர்கள் கேள்வி. ஒரே குடும்பத்தில் தந்தைக்கு ஒரு நாட்டின் தாளும் மகளுக்கு வேறு நாட்டின் தாளும் வந்தால், நடைமேடையில் நடப்பது இறப்புக்குச் சமம்தான். தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம், கையில் 'குடும்ப அட்டை' என்ற புதிய தாள். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே உருவாக்கப்பட்டன. குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்கள் மீண்டும் கொழுந்து பறித்தனர். 1984இல் போரினால் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலேறாமல் நின்றுவிட்டவர்களும் இருந்தனர்.

இதற்கிடையில் இலங்கையில் 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி தேசிய அடையாள அட்டை வந்தது. 1972 முதல் வழங்கப்பட்டது. சட்டம் குடிமக்களுக்கானது, எனவே நாடற்றவருக்கு அட்டையே இல்லை. அட்டை பெற்றவரிடையேயும் ஒரு குறி உண்டு. ஒன்பது இலக்கங்களின் இறுதியில் ஓர் எழுத்து: 'வி' என்றால் வாக்களிக்கத் தகுதியுடையவர், 'எக்ஸ்' என்றால் வழக்கமாக அத்தகுதி இல்லாதவர். ஒரு மனிதருக்கும் நாட்டுக்கும் உள்ள உறவு ஓரெழுத்தில் அடங்கிவிட்டது. 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் அவ்வெழுத்து இல்லை.

போர்க்காலத்தில் அட்டையின் மொழியும் குறியாயிற்று. தென்பகுதியில் அட்டைகள் சிங்களத்தில் மட்டுமே இருந்தன. வடக்கிலும் கிழக்கிலும் வழங்கப்பட்டவற்றில் தமிழும் இருந்தது. சோதனைச் சாவடியில் அட்டையைப் படிக்கக்கூட வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். நாட்டின் எல்லா அட்டைகளிலும் இரு மொழிகளும் இடம்பெற்றது போர் முடிந்த பின்னர்தான்.

நிறங்கள்

மலாயாவில் குறி நிறமாக வந்தது. 1948இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பதிவு செய்யப்பட்டனர். நாடு விடுதலை பெற்றபின் குடிமக்களுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு என்றாயிற்று. பிற்காலத்தில் தற்காலிகவாசிகளுக்குப் பச்சை. இன்றைய மைகாட் அட்டையின் முகத்தில் 'வார்கநெகாரா', அதாவது குடிமகன், என்ற சொல்லே அச்சிடப்பட்டுள்ளது. தோட்டப்புறத்தில் பிறப்பைப் பதியாத தமிழர்கள், பதிவின் தேவையை அறியாதவர்கள், உரிய காலத்தில் விண்ணப்பிக்காதவர்கள் சிவப்பட்டைக்காரர் ஆனார்கள். 1969க்குப் பின் குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது அந்நிறத்தின் விலை தெரிந்தது. பல்லாயிரம் பேர் ரப்பர் தோட்டங்களை விட்டுத் தமிழகம் திரும்பினர். எஞ்சியவர்களுள் பலர் முதுமை வரை சிவப்பட்டையோடே வாழ்ந்தனர். 2018இல் அறுபது வயதைக் கடந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிவப்பட்டைக்காரருக்குக் குடியுரிமை தரப்போவதாக மலேசிய அரசு அறிவித்தது. அறுபது ஆண்டுகள் ஒரு நாட்டில் உழைத்தபின் அட்டையின் நிறம் மாறுகிறது.

பர்மாவில் 1982ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்களையே மூன்றாகப் பிரித்தது. முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, இணைக் குடிமக்களுக்கு நீலம், ஏற்கப்பட்ட குடிமக்களுக்குப் பச்சை. முழுக் குடியுரிமைக்கு முன்னோர் 1823க்கு முன்பே அங்கு வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அளவுகோல். அதற்கு முன்னரே, 1964ஆம் ஆண்டின் தேசியமயத்தை ஒட்டிப் பெருந்தொகையான இந்தியர்கள் வெறுங்கையோடு வெளியேற நேர்ந்தது. சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜாரும், மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயின் தமிழ்க் குடியிருப்பும் அப்பெயர்வின் மிச்சங்கள்.

தமிழருக்கு வெளியேயிருந்து ஓர் எடுத்துக்காட்டு போதும். ருவாண்டாவில் பெல்ஜிய ஆட்சி 1930களில் ஹூட்டு, டுட்சி என்ற இனக்குறியை அடையாள அட்டையில் எழுதியது. நிர்வாக வசதிக்காக எழுதியது. 1994இல் சாலைத் தடுப்புகளில் நின்றவர்கள் அந்த ஒரு வரியைப் படித்தே யாரைக் கொல்வது என்று முடிவு செய்தார்கள். எழுதியவர் நோக்கம் ஒன்று, படிப்பவர் நோக்கம் வேறு. அட்டைக்கு இரண்டும் ஒன்றே.

நம் வீட்டு முற்றத்தில்

இவ்வளவும் பிற நாட்டார் நம்மவர்க்குச் செய்தவை. நாம் செய்ததையும் பார்க்க வேண்டும். 1983 முதல் இலங்கையிலிருந்து வந்தவர்களுள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர், நாற்பதாண்டுகள் கழிந்த பின்னும் தமிழகத்தின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருந்தனர். 2021இல் மாநில அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியது, நிலை மாறவில்லை. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவரின் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவருக்கு நிபந்தனை இன்னும் இறுகியது. ஆகவே முகாமில் பிறந்து, தமிழகப் பள்ளியில் படித்து, தமிழகச் சாலையில் ஓட்டுநர் உரிமத்தோடு வண்டி ஓட்டும் ஓர் இளைஞர், பார்த்தறியாத ஒரு நாட்டின் குடிமகனாக எழுதப்படுகிறார். அவர் பையிலும் ஆதார் உண்டு. முகாம் அட்டையும் உண்டு.

இதில் மிகக் கொடிய முரண் முகாம்களிலுள்ள மலையகத் தமிழர்களுடையது. தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழிவந்த இவர்களை இலங்கை 'நீங்கள் இந்தியர்' என்றது. இந்தியா 'நீங்கள் இலங்கையர்' என்கிறது. இத்தகைய 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களது விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில் ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. முகாமில் 1987க்கு முன் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க அதே மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. விலக்கு என்பது குடியுரிமை அன்று.

எழுதுவதா, வேண்டாமா?

அட்டையில் குடியுரிமையை எழுத வேண்டும் என்போரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. வாக்குரிமை குடிமக்களுக்கே உரியது. எனவே பட்டியல் தூய்மையாக இருக்க வேண்டும். ஒருமுறை எழுதிவிட்டால் குடிமகன் ஒவ்வொரு வாயிலிலும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. இவை நேர்மையான வாதங்களே. அட்டையே இல்லாதவரின் துயரம் குறியிட்ட அட்டை உள்ளவரின் துயரத்தைவிடப் பெரிது என்பதையும் மலையகம் காட்டியிருக்கிறது.

ஆயினும் இரண்டு வேறுபாடுகளை நாம் மறக்கலாகாது. முதலாவது, பதிவேட்டில் இருப்பதும் அட்டையின் முகத்தில் இருப்பதும் ஒன்றல்ல. பதிவேட்டை அதற்குரிய அலுவலர் உரிய காரணத்துக்காகப் பார்க்கிறார். அட்டையையோ வங்கி எழுத்தர், விடுதி மேலாளர், வீட்டு உரிமையாளர், சாலைக் காவலர் என எல்லோரும் பார்க்கிறார்கள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைத் தெருவில் நிற்கும் ஒருவர் தம் விருப்பு வெறுப்புக்கேற்ப நடைமுறைப்படுத்தும் வாய்ப்பை அந்த ஒரு வரி தந்துவிடுகிறது. 1908இல் கொப்பரையில் எரிந்தது அந்த வாய்ப்புத்தான்.

இரண்டாவது, நிறுவும் பொறுப்பு யாருடையது என்பது. அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் இடம்பெறவில்லை. 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முந்தைய வேரை அவர்கள்தாம் காட்டியிருக்க வேண்டும். 2025 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கும் அறிவிக்கப்பட்ட வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில், பழைய திருத்தப் பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் முதலியோர் பெயரையோ தேடும் வேலை வீடுதோறும் நிகழ்ந்தது. மீண்டும் தந்தை, மீண்டும் பாட்டன்.

பொறுப்பு இடம் மாறினால் என்ன நிகழும் என்பதற்கும் இலங்கையே சான்று. 2003இல் அந்நாட்டு நாடாளுமன்றம் புதிய சட்டமொன்றை இயற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியினரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டாலே குடிமக்கள் ஆவர். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு பதிவுக் குழுக்கள் தோட்டங்களுக்கே சென்றன. பத்தே நாட்களில் 1,90,000 பேர் குடிமக்கள் ஆனார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாண்டுகளுக்கு மேல் விசாரித்துத் தந்ததைவிட இது அதிகம். அதே நாடு, அதே மலை, அதே மக்கள். பழைய சட்டம் மனிதரைத் தாளோடு வரச் சொன்னது. புதிய சட்டம் தாளை மனிதரிடம் எடுத்துச் சென்றது. இரண்டுக்கும் இடையில் ஐம்பத்து நான்கு ஆண்டுகளும், நாடற்றவராகவே இறந்துபோன ஒரு தலைமுறையும் கிடக்கின்றன.

ஜோகன்னஸ்பர்க்கில் எரித்தவர்களும் மலையகத்தில் ஏங்கியவர்களும் வெவ்வேறு ஒன்றைக் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தாம் வாழ்ந்து உழைத்த மண்ணில், கேட்போரிடமெல்லாம் தம்மை நிறுவிக்கொண்டே இருக்க வேண்டாத ஒரு வாழ்வையே இருவரும் கேட்டார்கள். ஒருவருக்கு அட்டை அதற்குத் தடையாக இருந்தது; மற்றவருக்கு அட்டை இல்லாமை தடையாக இருந்தது. எனவே அட்டையில் என்ன எழுதுவது என்று விவாதிக்கும் அவைகளில் முதலில் எழ வேண்டிய கேள்வி வேறு. எழுதுவதற்கு முன் நாம் யாருடைய வாயிலுக்குச் சென்று கேட்டோம், அவர் சொன்னதை நம்பினோமா என்பதே அது.